சிவப்பு ஸ்பைடரின் மீதிக் கதை

நித்யா,

இத்தாலியில் டூரின் வடிவமைப்புக் கல்லூரிக்கு விண்ணப்பத்தோடு வைத்து அனுப்பிய கட்டுரையை எனக்கும் அனுப்பியிருந்தாய். அவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டதாம். 'அப்பா, இதில் நீங்கதான் ஹீரோ' என்று மேலே ஒரு வரி வேறு. நான்கு முறை படித்தேன். முதல் முறை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மற்ற மூன்று முறையும் தனியாகப் படித்தேன். பத்து வயதில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஷார்ஜாவில் நம் வீட்டுச் சந்து முனையில் உன் கண்ணைப் பொத்தி அழைத்துப் போய், கையை எடுத்ததும் எதிரே சிவப்பாக ஓர் இத்தாலிய வண்டி நின்றதை எழுதியிருக்கிறாய். கூரை இல்லாமல் கடற்கரைச் சாலையில் போனதை, காற்றில் உன் முடி முகத்தில் அடித்ததை, பக்கவாட்டில் ஓடிய அந்தப் பள்ளக்கோட்டில் வெயில் வழுக்கிக்கொண்டு போனதை எழுதியிருக்கிறாய். அன்றைக்குத்தான் ஒரு பொருளுக்கு வடிவம் என்று ஒன்று இருப்பதே உனக்குத் தெரிந்தது என்கிறாய். கடைசியில் ஒரு வரி: 'அழகுக்கு அனுமதி தேவையில்லை என்று அன்று என் அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்தார்.'

அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. நீ பார்த்தது அவ்வளவுதான். பார்க்காத பாதி என்னிடம் இருக்கிறது. இத்தனை வருடமாக அதை யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட. போன வாரம்தான் அவளிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, 'அவளுக்கு எழுதுங்க, கிளம்புறதுக்கு முன்னாடி எழுதுங்க' என்று மட்டும் சொன்னாள். அடுத்த மாதம் நீ விமானம் ஏறப்போகிறாய். மகிழ்ச்சியோடு கிளம்புகிற பெண்ணிடம் இதை ஏன் சொல்ல வேண்டும் என்று எனக்கே நூறு காரணம் தோன்றியது. அந்த நூறு காரணங்களும் என் வசதிக்காகத் தோன்றியவை என்பதும் தெரிந்தது.

ஷார்ஜா தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கேரேஜ் உனக்குக் கொஞ்சம் நினைவிருக்கும். இடித்து நொறுங்கிய வண்டிகளின் தகட்டைத் தட்டி நிமிர்த்துகிற டென்டிங், பிறகு பெயின்டிங் செய்கிற இடம். நான் அங்கே மேற்பார்வையாளர். வண்டிக்காரர்களோடு ஆங்கிலத்தில், முதலாளியோடு இந்தியிலும் அரைகுறை அரபியிலும், வேலைக்காரர்களோடு தமிழிலும் இந்தியிலும் பேசுவதுதான் என் முக்கியமான வேலை. மூன்று பக்கத்திலிருந்து வருகிற பேச்சும் என் வாய் வழியாகத்தான் போகும். அப்போது அதை வெறும் சலிப்பாகத்தான் நினைத்தேன். எவ்வளவு பெரிய அதிகாரம் என்று பிறகுதான் தெரிந்தது.

கூரையில்லாத அந்தச் சிவப்பு வண்டி, ஸ்பைடர் என்பார்கள், கன்டெய்னரில் ஜெபல் அலி துறைமுகத்தில் வந்து இறங்கியது. சொந்தக்காரர் பெயர் ப்ரூனோ. ராஸ் அல் கைமாவில் தரை ஓடு செய்கிற ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பொறியாளர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். கப்பலில் ஏதோ மரப்பெட்டி சரிந்து விழுந்து, வண்டியின் பின்பக்கம் வலது மூலை உள்ளே போயிருந்தது. அந்த வண்டியின் அழகே பின்பக்கம்தான். மற்ற வண்டிகளைப் போலச் சட்டென்று வெட்டி நிறுத்தாமல், படகின் முனை போல மெல்லக் குறுகி உருண்டு முடியும். அறுபதுகளின் பிற்பாதியில் சில வருடங்கள் மட்டுமே அப்படிச் செய்தார்கள், பிறகு வந்த வண்டிகளுக்கு வாலை நேராக வெட்டிவிட்டார்கள், ஆகவே மாற்றுத் தகடு எங்கும் கிடைக்காது என்று ப்ரூனோ சொன்னார். அவருடைய அப்பா டூரினில் அந்த வண்டிக்கு உடல் கட்டிய பட்டறையில் இருந்தவர். தகடுகள் சேருமிடத்தில் ஈயம் பூசி அரத்தால் ராவிச் சமப்படுத்துவது அவர் வேலை. 'இந்த வண்டியில் அப்பாவின் கை பட்டதா என்று தெரியாது. பட்டிருக்கலாம் என்றுதான் வாங்கினேன்' என்றார் ப்ரூனோ.

எங்கள் கேரேஜில் தகடு தட்டுகிற டென்டர் நான்கு பேர். அந்த வேலையைச் செய்யக்கூடியவர் ஒருவர்தான், சிக்கந்தர் பாய். ராமநாதபுரம் பக்கம் தொண்டி ஊர். அப்போது முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று வயது, என்னைவிட ஆறேழு வயது சிறியவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் ஒரு தகட்டின் மேல் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓட்டினால் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்லிவிடுவார். வண்டியைப் பார்த்த அன்று அவர் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"சார், இது கணவா ஓடு மாதிரியே இருக்குது. ரெண்டு பக்கமும் உருண்டு, நடுவுல உப்பி. எங்கூருக் கரையில ஒதுங்கிக் கெடக்கும்ல, அதே சாடைதான்."

கணவாய் மீனின் முதுகுக்குள் இருக்குமே வெள்ளையாக ஓர் ஓடு, அதைச் சொன்னார். ப்ரூனோ என்ன சொல்கிறார் என்று கேட்டார். நான் கொஞ்சம் கூச்சத்தோடு, ஏதோ மீனின் எலும்பு போல இருக்கிறதாம் என்று மொழிபெயர்த்தேன். எந்த மீன் என்றார். விளக்கினேன். அந்த மனிதர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு உரக்கச் சிரித்தார். இத்தாலியில் அந்த வண்டிக்கு ஜனங்கள் வைத்த பட்டப்பெயரே கணவாய் ஓடுதானாம். தொண்டிக் கடற்கரையும் அவர்கள் கடற்கரையும் ஒரே பெயரைச் சொல்லிவிட்டன. அந்த நிமிடமே ப்ரூனோ சிக்கந்தர் பாயின் தோளில் கை போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர்களுக்குள் என் மொழிபெயர்ப்பு பாதிதான் தேவைப்பட்டது.

வேலை நான்கு மாதம் நடந்தது. இடிபடாத இடது மூலையின் வளைவுகளை அட்டையில் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, அந்த அட்டைகளைத் திருப்பி வலது பக்கம் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். மற்ற வண்டிகளைப் போலப் பள்ளத்தில் புட்டிப் பசையை அப்பித் தேய்த்துவிட்டால் இரண்டு நாள் வேலை. அவர் செய்ய மாட்டேன் என்றுவிட்டார். ஒருநாள் பழைய பெயின்டைச் சுரண்டும்போது என்னைக் கூப்பிட்டார். தகடு சேருமிடத்தில் சாம்பல் நிறத்தில் ஈயம். அதன் மேல் அரம் ராவிய கோடுகள் மெல்லியதாய், சாய்வாய், ஒரே சீராய். அடுத்த வாரம் ப்ரூனோ வந்தபோது சிக்கந்தர் பாய் அவரை அந்த மூலைக்குக் கூட்டிப் போனார். அவருடைய விரலைப் பிடித்து அந்தக் கோடுகளின் மேல் வைத்தார், அவ்வளவுதான். அந்தப் பெரிய மனிதர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்குத்தான் ப்ரூனோ சொன்னார், அந்த வருடக் கடைசியில் தன் ஒப்பந்தம் முடிகிறது, டூரின் பக்கத்தில் தன் நண்பர் ஒருவர் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் பட்டறை வைத்திருக்கிறார், இப்படி ஒரு கைக்காரனை அவர் விடவே மாட்டார் என்று. சிக்கந்தர் பாய்க்கு அதை மொழிபெயர்த்தது நான்தான். "அல்லாஹ்... சார், நெசமாத்தான் சொல்றாரா?" என்று மூன்று முறை கேட்டார். நண்பருக்கு எழுத வேண்டிய சிபாரிசுக் கடிதத்தை நானே தட்டச்சு செய்தேன், ப்ரூனோ கையெழுத்துப் போட்டார். அந்தக் கடிதத்தைத் தட்டும்போது என் மனசு எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதை மறைத்தால் மற்றதைச் சொல்வதில் பொருள் இல்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. டிப்ளமோ படித்துவிட்டுப் பதினொரு வருடமாகக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு கையெழுத்தை நேராகப் போடத் தெரியாதவர் இத்தாலி போகிறார் என்று இருந்தது. அவர் மேல் எனக்குப் பிரியமும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன. பொறாமை என்பது பிடிக்காதவர்கள் மேல் மட்டும் வருவதில்லை என்பதை நீ சீக்கிரமே தெரிந்துகொள். நீ போகிற தொழிலில் உன்னைவிட நன்றாக வரைகிறவர்கள் வருவார்கள். அப்போது உன் மனசு என்ன சொல்கிறது என்று கவனி. அது சொல்வதைச் செய்யாமல் இருப்பது அதற்கடுத்த படி.

அந்த நாட்களில்தான் நீ பள்ளி வாசலுக்கு இரண்டு தெரு முன்பாகவே இறங்கிக்கொள்ள ஆரம்பித்தாய். நம்மிடம் இருந்த பழைய ஜப்பான் வண்டியின் ஒரு கதவு வேறு நிறம். "இங்கயே டிராப் பண்ணிடுங்கப்பா, நான் நடந்துக்கறேன்" என்பாய். ஒன்றும் காட்டிக்கொள்ள மாட்டேன். இறக்கிவிட்டு, நீ தெரு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை, பத்து வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருப்பதுதான். ஆனால் உன் தோழி ரேஷ்மாவின் பிறந்தநாளுக்கு ஜுமைராவில் அவர்களுடைய பெரிய வில்லாவுக்குப் போகவேண்டும் என்று நீ சொன்னபோது, எந்த வண்டியில் போகப்போகிறோம் என்று கேட்டாய் பார், அந்தக் கேள்வி எனக்குள் ஒரு முள்ளாக நின்றுவிட்டது.

வேலை முடிந்து, சிவப்புப் பெயின்ட் காய்ந்து, வண்டி ஷெட்டுக்குள் துணி போர்த்தி நின்றது. ப்ரூனோ லீவில் ஊருக்குப் போயிருந்தார், திரும்பி வர மூன்று வாரம் இருந்தது. வெள்ளிக்கிழமை கேரேஜ் விடுமுறை. அன்று காலை சிக்கந்தர் பாய் வண்டிக்குக் கடைசியாக ஒருமுறை பாலிஷ் போட வந்து, வாசல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜும்மா தொழுகைக்கு முன்பே வேலையை முடித்துக் கிளம்பிவிட்டார். நான் மதியத்துக்கு மேல் போனேன். மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வண்டிச் சாவி கேரேஜிலேயே ஆணியில் தொங்கும், யாரும் எடுக்கலாம். துணியை விலக்கினேன். ஒரு நிமிடம் நின்றேன். ப்ரூனோவின் இத்தாலி எண் என் மேஜையில் இருந்தது, கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து கேட்கவில்லை. அந்த வண்டியை ஓட்ட எனக்கு அனுமதியும் இல்லை, இன்சூரன்சும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீயே என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறாய். ரேஷ்மாவின் வீட்டு வாசலில் பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டது, அவளுடைய அப்பா கையில் கோப்பையோடு வெளியே வந்து "வாட் எ பியூட்டி!" என்றது, நீ கதவைத் திறந்து மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. அந்த நடையை நான் மறக்கவில்லை. அந்த ஒரு மாலை முழுவதும் நான் வேறு ஒரு மனிதனாக இருந்தேன். வண்டி யாருடையது என்று அவர் கேட்டார். "ஒரு நண்பருடையது" என்றேன். அதுகூட முழுப் பொய் இல்லை.

திரும்பும்போது வாசலிலிருந்து வண்டியைப் பின்னால் எடுத்தேன். உன் கட்டுரையில் 'ஒரு சின்ன இடி, அப்பா சிரித்தார்' என்று எழுதியிருக்கிறாய். அந்தப் படகு வால் எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. மதில் தூணில் வலது மூலை போய் இடித்தது. சிக்கந்தர் பாய் நான்கு மாதம் தட்டிய அதே மூலை. அத்தனை பேர் கையசைத்துக்கொண்டிருந்தார்கள், நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். சிரித்தேன். "ஒண்ணுமில்லடா, இதை அம்மாகிட்ட சொல்லாதே" என்றேன். நீயும் சிரித்தாய். உன்னை வீட்டில் விட்டுவிட்டு, வண்டியை ஷெட்டில் நிறுத்தி, துணியைப் போர்த்திப் பூட்டினேன்.

சனிக்கிழமை காலை முதலாளி வந்தார், அர்பாப் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எங்கள் விசாவுக்கெல்லாம் பொறுப்பேற்கிற கஃபீல் அவர்தான். வண்டியைப் பார்க்க விருந்தாளி ஒருவரை அழைத்து வந்திருந்தார். துணியை இழுத்ததும் அந்த மூலை எல்லோர் கண்ணிலும் பட்டது. அவர் நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஜும்மா கோ கோன் ஆயா?"

வெள்ளிக்கிழமை யார் வந்தது? சொல்லவேண்டிய வாக்கியம் என்னிடம் தயாராக இருந்தது, சத்தியமாக இருந்தது. வேலை போகும், போலீஸ் கேஸ் ஆகும், உன் பள்ளி, அம்மாவின் விசா, வீடு எல்லாம் ஒரு நொடியில் கண் முன்னே வந்து நின்றன. அப்போது வாசல் பதிவேடு என் கையில் இருந்தது. அதைத் திறந்து, "சிக்கந்தர் ஆயா தா, சாப்" என்றேன்.

வெள்ளிக்கிழமை அவர் வந்தது உண்மை. நான் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. சொல்லாமல் விட்டதில் ஒரு மனிதனின் வாழ்க்கை போய்விட்டது. அதற்குப் பிறகு நடந்த சத்தத்தை நான் விவரிக்கப் போவதில்லை. சிக்கந்தர் பாய், மதியம் முழுக்கத் தொழிலாளர் கேம்ப் ரூமில் தூங்கினேன், ரூம்காரர்களைக் கேளுங்கள் என்றார். "ரூம்வாலா தோ யஹி போலேகா" என்று முதலாளி கையை உதறினார். ரூம்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். "கலாஸ்." முடிந்தது. விசா ரத்து.

முதலாளி போன பிறகு சிக்கந்தர் பாய் வண்டிக்குள் குனிந்து ஏதோ தேடினார். மூலை எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். சிறிது நேரம் கழித்து என் கண்ணாடி அறைக்குள் வந்தார். கதவைச் சாத்தினார். மேஜை மேல் ஒரு சின்னப் பொருளை வைத்தார். உன் தலைக் கிளிப். மஞ்சள் நிறத்தில் வண்ணத்துப்பூச்சி வைத்தது, அம்மா ரோலா கடைத்தெருவில் வாங்கிக் கொடுத்தது. கேரேஜுக்கு நீ வந்த நாட்களில் அவர் அதை உன் தலையில் பார்த்திருக்கிறார்.

"பாப்பாவோடது. சீட்டுக்கு அடியில கெடந்துச்சு" என்றார். நின்றுகொண்டே இருந்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். நான் கிளிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிப் போனார். போகும்போது கதவைச் சத்தம் இல்லாமல் சாத்தினார். நான் கிளிப்பை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அதைத் தொலைத்துவிட்டாய் என்று அம்மா அன்று உன்னைத் திட்டினாள், நீ அழுதாய். நான் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

ப்ரூனோவுக்கு ஃபேக்ஸ் அனுப்பச் சொன்னார் முதலாளி. அதையும் நான்தான் தட்டச்சு செய்தேன். தொழிலாளி ஒருவர் அனுமதியின்றி வண்டியை வெளியே எடுத்துச் சென்று சேதப்படுத்திவிட்டார், அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார், வருந்துகிறோம் என்று. பிழை திருத்தினேன், நித்யா. ஒரு காற்புள்ளி தப்பாக இருந்தது, அழித்துவிட்டு மறுபடி தட்டினேன். பொய்யைச் சொல்வது ஒரு நொடியில் நடந்துவிட்டது, பயத்தில் நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்த ஃபேக்ஸ் நிதானமாக, நல்ல ஆங்கிலத்தில் நடந்தது. சிபாரிசுக் கடிதம் தட்டிய அதே கைகள்.

சிக்கந்தர் பாய் பத்து நாளில் ஊருக்கு அனுப்பப்பட்டார். நான் விமான நிலையத்துக்குப் போகவில்லை. உனக்குக் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டேன். உனக்குக் காய்ச்சல் இல்லை.

ப்ரூனோ வந்தபோது வேறு ஒரு டென்டர் அந்த மூலையைப் புட்டி வைத்து ஒப்பேற்றி, பெயின்டும் அடித்து முடித்திருந்தார். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ப்ரூனோ கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை அதன் மேல் ஓட்டினார், சிக்கந்தர் பாயிடம் கற்றுக்கொண்டது போலவே. "இது வேறு கை" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று. "தெரியவில்லை, சார்" என்றேன். அவர் சொன்னார்: "கேட்டிருந்தால் நானே சாவியைக் கொடுத்திருப்பேனே." அவனுக்கு என்று நினைத்து அவர் சொன்னார். அது எனக்கான பதில் என்று அவருக்குத் தெரியாது. வருடக் கடைசியில் வண்டியோடு ஊருக்குப் போய்விட்டார். பிறகு எந்தத் தொடர்பும் இல்லை. இன்று உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாது.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அதே கேரேஜில் இருந்தேன். நல்ல பெயரோடு இருந்தேன். நீ படித்தாய், நன்றாக வரைந்தாய். நோட்டுப் புத்தகத்தின் ஓரங்களிலெல்லாம் உருண்ட வாலுடைய ஒரு வண்டி வரைந்துகொண்டே இருப்பாய். அதைப் பார்க்கும்போதெல்லாம் உன்னைப் பாராட்டுவேன், பாராட்டிவிட்டு அந்த இடத்தைவிட்டு எழுந்து போவேன். ஏன் என்று உனக்குத் தெரியாது. அப்பாவுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை என்று ஒருமுறை அம்மாவிடம் வருத்தப்பட்டாயாம்.

உன் கட்டுரையைப் படித்த மறுவாரம் திருச்சியிலிருந்து பேருந்து ஏறினேன். அம்மாவிடம் அறந்தாங்கியில் ஒரு நண்பர் வீட்டுக்கு என்றேன், அதுவும் ஒரு பொய். தொண்டியில் இறங்கி, டென்டிங் வேலை செய்கிற சிக்கந்தர் என்று கேட்டதும் ஒரு ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் தகரக் கொட்டகை, ஒரு மினி வேனின் கதவைக் கழற்றி வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. நான் பெயர் சொல்வதற்கு முன்பே சுத்தியலைக் கீழே வைத்தார்.

"வாங்க சார். பாப்பா நல்லா இருக்குதா?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சு வாங்கச் சொன்னேன். முடித்ததும், "இதெல்லாம் எனக்கு அன்னைக்கே தெரியும்ல சார்" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் நீங்க அர்பாப்கிட்ட சொல்லல? அந்தக் கிளிப் கையில இருந்ததே?"

"பச்சப்புள்ள சாமானக் காட்டி நான் என்னத்தச் சொல்றது? ஒங்க வாயிலேருந்து வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ஏர்போட்டுல பாஸ்போட்ட நீட்டுற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்தேன். எப்படியும் சார் ஓடியாருவாருன்னு."

அதற்குமேல் அவர் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொன்னார். வண்டியைக் களவாண்டு மாட்டி வந்தவன் என்று ஊரில் பேச்சு ஆனது. அவர் தங்கைக்கு வந்த சம்பந்தம் இரண்டு முறை அதனாலேயே நின்றுபோனது. வாப்பா அந்த வருத்தத்திலேயே மௌத்தாகிவிட்டார். மறுபடி வளைகுடா போக விசா கிடைக்கவில்லை. ராமநாதபுரத்தில் லாரி பாடி கட்டுகிற இடத்தில் பல வருடம் இருந்துவிட்டு இந்தக் கொட்டகையைப் போட்டார். இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார். இத்தாலி பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நீ டூரினுக்குப் போகிறாய் என்பதை நான்தான் சொன்னேன், சொல்லாமல் வந்திருந்தால் மறுபடி அதே தப்பு. கேட்டுவிட்டு வேன் கதவின் மேல் உள்ளங்கையை ஓட்டினார். "போகட்டும். நல்லா இருக்கட்டும்" என்றார். அவர் குரலில் ஒரு குத்தலும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"என்னை மன்னிச்சிருங்க பாய்" என்று கையைப் பிடித்தேன். அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"சார், மன்னிப்புக் கேக்க வந்தீகளா, இல்ல மன்னிச்சேங்கற சொல்ல வாங்கிக்கிட்டுப் போக வந்தீகளா?"

நான் கீழே கிடந்த சுத்தியலை எடுத்து வேன் கதவின் மேல் வைத்தேன்.

"பாப்பாவுக்கு இது தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"அப்ப மொதல்ல அதுகிட்டச் சொல்லுங்க. ஒங்க வீட்டுக்குள்ளயே நான் இன்னும் களவாணியாத்தான இருக்கேன்? சொல்லிட்டு வாங்க. அப்புறம் ஒக்காந்து பேசுவோம்."

அவர் உன்னைக் களவாணியின் மகளாக நினைக்கவில்லை, முதலில் உன் நலத்தைத்தான் கேட்டார். நம் வீட்டில் அவரை யாரும் நினைக்கவே இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் இதைத்தான் யோசித்தேன்.

நித்யா, அந்த மாலையை உன்னிடமிருந்து பிடுங்க எனக்கு உரிமை இல்லை. நீ பார்த்த அழகு உண்மையான அழகு. அந்த வளைவை டூரினில் யாரோ வரைந்தார்கள், இன்னொருவர் ஈயம் பூசி ராவினார், ஷார்ஜாவில் ஒருவர் நான்கு மாதம் தட்டி அதை மீட்டார். நான் மட்டும்தான் அதில் ஒன்றும் செய்யாதவன். அழகுக்கு அனுமதி தேவையில்லை என்று எழுதியிருக்கிறாய். தேவை, கண்ணே. அடுத்தவர் உழைப்பில் இருக்கும் அழகைத் தொடுவதற்குக் கேட்டாக வேண்டும், கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். கேட்கும் தைரியம் இல்லாதவர்கள்தான் என்னைப் போல எடுத்துவிடுகிறார்கள். உன் கட்டுரையைத் திருத்தி எழுது என்று சொல்ல மாட்டேன், அது உன்னுடையது. அங்கே வேலை செய்யும்போது உன் மேஜைக்கு எதிரே நின்று தட்டுகிறவர்கள், ராவுகிறவர்கள், பெயின்ட் அடிப்பவர்கள் பெயரைத் தெரிந்துகொள். அவர்களைப் பற்றி யாராவது உன்னிடம் கேட்டால், பாதி உண்மையோடு நிறுத்திவிடாதே. அதைவிட மோசமான பொய் எதுவும் எனக்குத் தெரியாது.

இதைப் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமல் இருக்கலாம். அம்மாவுக்கு இரண்டு நாள் ஆனது, உனக்கு எத்தனை நாள் ஆகும் என்று நான் எண்ணப்போவதில்லை. படித்தேன் என்று ஒரு வரி மட்டும் அனுப்பு. கோபத்தை எழுத வேண்டும் என்றால் அதையும் எழுது, மென்மையாக்காதே. அந்த வரி வந்த பிறகுதான் நான் தொண்டிக்குப் போக முடியும். சிக்கந்தர் பாய் 'பாப்பா என்ன சொன்னுச்சு' என்றுதான் முதலில் கேட்பார். நீ சொன்னதை அப்படியே சொல்வேன். இந்த முறை ஒரு வார்த்தையும் விடாமல்.

உன் அப்பா